இடது கை தளர்ந்த கதை

ஊசி போட்ட கை எனக்கு வலிக்கவே இல்லை. இதை வெளியே சொல்ல இத்தனை நாள் வெட்கமாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் குடும்பத்தில் முதலாவதாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவன் நான். பாறசாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, சாய்வு நாற்காலியில் படுத்து, தலைமாட்டில் மாத்திரையும் வெந்நீரும் வைத்துக்கொண்டு காய்ச்சலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. யாராவது போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. சாயங்காலம் மனைவி எட்டிப் பார்த்து, "சும்மா தானே கிடக்கிய, அந்த மரச்சீனிக்கிழங்கைத் தொலி உரிச்சுத் தாங்க" என்றாள்.

ஐம்பதை நெருங்கும் நகைச்சுவை எழுத்தாளன் எதை வேண்டுமானாலும் தாங்குவான், கவனிக்கப்படாமல் இருப்பதைத் தவிர. கிழங்கை உரித்துக் கொடுத்துவிட்டுக் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழில் சண்டை போடுவார்கள், தமிழைப் படிக்க மாட்டார்கள். அதனால் முதலில் எழுதி, இரண்டு இடத்தில் திருத்தி, பிறகு ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். "என் இடது கை தளர்ந்துவிட்டது. மழைக்கு ஒடிந்த முருங்கைக் கொம்பைப் போலத் தோளிலிருந்து தொங்குகிறது. வலது கை தப்பியதால் தமிழ் இலக்கியத்துக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை." இந்தப் பாணியில் நான்கு நிமிடம்.

வலித்தது என்று சொல்லியிருக்கலாம். அதுவே பொய்தான், ஆனால் ஊருக்குக் கேடில்லாத பொய். 'தளர்ந்தது' என்ற சொல்லின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. புத்தகத் தமிழில் அது சாதுவான சொல். கிழவர்களின் நடை தளரும், கட்டிய கயிறு தளரும், அந்த நாட்களில் ஊரடங்குகூட வாரத்துக்கு ஒரு முறை தளர்ந்தது. ஆனால் நெய்யாற்றின்கரைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவில் பிறந்த காதுக்குள் மலையாளம் முதலில் எழுந்து வந்து கதவைத் திறக்கும். அந்தக் காதில் கை தளர்ந்தது என்றால் கை போய்விட்டது, வாதம் வந்துவிட்டது, இனி அந்தக் கை தானாகச் சோறு உண்ணாது என்று பொருள்.

உதியன்குளங்கரையில் இருக்கும் என் சித்தி மகன் அதைச் சுருக்கி மலையாளத்தில் எழுதித் தன் கூட்டுக்காரர்களுக்கு அனுப்பினான். நல்ல மனதோடுதான் செய்தான். மூன்றாம் நாள் பூவாறிலிருந்து, சுற்றுலாப் படகு ஓட்டிப் பிழைத்து ஊரடங்கில் சும்மா இருந்த ஒரு நண்பர் எனக்கே அனுப்பினார்: 'குத்திவெய்ப்பெடுத்த எழுத்துகாரன்றெ கை தளர்ந்நு. எல்லாவர்க்கும் ஷேர் செய்யுக.' தடுப்பூசி போட்ட எழுத்தாளனின் கை விளங்காமல் போயிற்று, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று பொருள். ஐந்தாம் நாள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அப்போது சின்னச் சாலைகளையெல்லாம் மண்ணைக் கொட்டி அடைத்திருந்தார்கள். அங்கே கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க ஒரு தகப்பனால் போக முடியாது, ஆனால் என் கை போய்வந்தது. திரும்பி வரும்போது இரண்டு கையும் தளர்ந்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் வெட்டி வெட்டியே பழகிய என் எழுத்து முதன்முறையாக வளர்ந்து வீட்டுக்கு வந்தது. ஒரு மணி நேரம் உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது. என் பெயர் போடாததுதான் குறை.

அதன் பிறகு அக்கா கூப்பிட்டாள்.

"மக்கா, நீ போட்டதைக் கேட்டுட்டு அத்தான் என் ஊசி டோக்கன் சீட்டைக் கிழிச்சு அடுப்பில இட்டுட்டாரு."

அக்கா பெருங்கடவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அத்தானுக்குக் கொஞ்சம் ரப்பர் நிலம். மரத்தைச் சீவிப் பாலெடுப்பதும், பாலை உறைய வைத்து ஷீட் அடிப்பதும் அவர் வேலை. ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துவது அக்காவின் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் புகைப்புரைக்குள் நின்று நின்று அவள் நெஞ்சு கெட்டுவிட்டது. முற்றத்திலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். நெய்யாற்றின்கரையில் அவளைப் பார்க்கும் டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார்: இந்த நோய் உங்கள் நெஞ்சுக்குள் ஏறினால் இறங்காது, ஊசி போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அந்த டோக்கனைத்தான் என் முருங்கைக் கொம்பு அடுப்பில் போட்டது.

மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். விளக்கிச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அத்தான் புகைப்புரை வாசலில் நின்று ஷீட்டை உதறிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கினாலும், தினமும் விடியும் முன்னே முன்னூறு மரம் சீவுகிற கை அது. வா என்றுகூடச் சொல்லவில்லை.

"எலே, இடத்துக் கையைத் தூக்கு."

தூக்கினேன்.

"சுத்து."

சுற்றினேன்.

"அந்த வாளியை எடு."

வாளி நிறைய ஒட்டுப்பால், மரத்தில் வழிந்து காய்ந்த ரப்பர். செத்த எலிபோல நாறும். தூக்கிக் காட்டினேன்.

"அப்போ தளர்ந்துன்னு சொன்னது?"

"அது ஒரு அலங்காரமாக்கும் அத்தான்."

"என்ன காரம்?"

"அதாவது, இலக்கியத்தில..."

இலக்கியத்தில் என்ன என்று நான் சொல்லி முடிக்கவில்லை. முஷ்டி வாயில் வந்து விழுந்தது. பின்பக்கமாகச் சிரட்டைக் குவியலில் போய் விழுந்தேன். பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டைகள், நூற்றுக்கணக்கில், முதுகுக்குக் கீழே நொறுங்கின. எழுந்திருப்பதற்குள் விலாவில் ஒரு மிதி. அடுத்ததாக வாளி வந்தது. ஒட்டுப்பால் தலையில் ஒட்டியது. அது ஒட்டினால் பிறகு கத்திரிக்கோல்தான். கீழ் உதடு இரண்டாகப் பிளந்து சட்டையெல்லாம் இரத்தம். என் நகைச்சுவையால் அதுவரை யாருக்கும் உடம்பில் காயம் பட்டதில்லை. எனக்கே பட்டபோது அதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூடத் தோன்றியது, விலா வலிக்க ஆரம்பிக்கும் வரை.

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, அவன் செத்துப்போவான்" என்று இருமலுக்கு நடுவில் சொன்னாள்.

அத்தான் குனிந்து என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "ஒண்ணுகில் நீ அன்னைக்குப் பொய் சொன்னே. இல்லேன்னா இன்னைக்குப் பொய் சொல்ல ஒன்னைய எவனோ விட்டிருக்கான். ரெண்டில ஏதானாலும் இந்த வீட்டில ஊசி கேறாது. எழும்பிப் போ."

தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. எழும்பிப் போனேன்.

வீட்டில் உட்கார்ந்து ஒரு வீடியோ எடுத்தேன். இடது கையைத் தூக்கி, சுழற்றி, செம்பு நிறைய தண்ணீர் பிடித்து, கை நன்றாக இருக்கிறது, நான் முன்பு சொன்னது தமாஷ், எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று வணங்கிக் கேட்டேன். உண்மைக்கு அலங்காரம் தேவையில்லை என்பதால் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன். பதில்கள் வந்தன. "வீடியோ பழசு." "இது வலத்துக் கையை மாத்திக் காட்டுதது." ஒரு பெரியம்மா அழுதுகொண்டே பேசியிருந்தாள்: "என் மக்கா, ஒன் சுண்டு என்னமா பொளந்திருக்கு! அடிச்சுப் பேச வச்சிருக்கானுவளே, பாவிக!"

என் உதடு சாட்சி சொல்லிவிட்டது. அத்தான் கொடுத்த அடி, சர்க்கார் கொடுத்த அடியாகி, நான் மிரட்டப்பட்டு மறுத்துப் பேசுகிறேன் என்று ஊர் முடிவு செய்தது. அந்த வீடியோ என் பழைய குரலைவிட வேகமாகப் போனது. வதந்திகளைப் பற்றி வெளிநாட்டு அறிஞர்கள் எழுதிய இரண்டு தடித்த புத்தகங்கள் என் அலமாரியில் உண்டு. அடிக்கோடு இட்டுப் படித்திருக்கிறேன். ஒரு வரியும் கைகொடுக்கவில்லை.

எங்கள் வார்டின் ஆஷா, அதாவது வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர், என்னைத் தேடி வந்தது அதன் பிறகுதான். குள்ளமான, வேகமான பெண்மணி. கக்கத்தில் பதிவேடு, கையில் குடை. அக்காவின் வார்டைப் பார்ப்பவர் இவருடைய தோழி, அவர் நோய் வந்து படுத்திருந்ததால் இரண்டு வார்டும் இவர் தலையில்.

"சாறே, நீங்க தானே கை தளர்ந்த ஆளு?"

"தளரல்ல."

"அது எனக்கு அறியும். என்கூட வாங்க. ஆளு ஜீவனோட நிக்கிறதை நாலு பேரு காணட்டும்."

அப்படியாக நான் நடமாடும் சான்றாக வீடு வீடாகப் போனேன். சில இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் என் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மத்தியானத்துக்கு முன் அக்கா வீட்டு வழிக்கு வந்து சேர்ந்தோம்.

அத்தான் வழி நடுவில் நின்றார். கையில் வெட்டோத்தி. தேங்காய் உரிப்பதிலிருந்து மரம் கழிப்பது வரைக்கும் அந்த ஒரு கத்திதான் எங்கள் பக்கத்து வீடுகளில். வழியின் இரு பக்கமும் அவரே நட்ட ஏத்தன் வாழைகள், குலை தள்ளி நின்றன.

"அங்ஙனயே நில்லுங்க."

"அண்ணா, சேச்சியை ஒண்ணு பாத்துட்டுப் போறேன். பேரு மட்டும் எழுதணும்."

"ஒரு எட்டு வச்சா ஒரு வாழை. அது முடிஞ்சா பிறகு என்னன்னு எனக்கே தெரியாது."

ஆஷா ஒரு எட்டு வைத்தார். வெட்டோத்தி ஒரு வீச்சு. வாழை குலையோடு சாய்ந்து தண்ணீர் தெறித்தது. அவர் இன்னொரு எட்டு வைத்தார். இன்னொரு வாழை. மூன்று. நான்கு. எந்தக் குலையும் விளையவில்லை. அத்தானின் முகத்தில் வாழைப்பாலும் வியர்வையும் வழிய, வெட்டுகிற ஒவ்வொரு முறையும் யாரோ அவரையே வெட்டுவதுபோல் முனகினார். ஆஷா குடையை ஊன்றி நடந்துகொண்டே இருந்தார். நான் ஆஷாவுக்குப் பின்னால், அவர் குள்ளம் என்பதால் போதிய பாதுகாப்பு இல்லாமல், நடந்துகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஊசி வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. கல் ஒன்று பறந்து வந்து ஆஷாவின் நெற்றியில் பட்டது. தேங்காய் உடைகிற சத்தம். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரத்தம் புருவத்தைத் தாண்டி முகக்கவசத்தை நனைத்தது. அவ்வளவுதான், வேலிக்கம்புகளைப் பிடுங்கினார்கள். ஒரு வருடமாக ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நின்ற மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, கழுத்தைப் பிடித்து, மண்ணில் உருண்டார்கள். ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்ததைப் பார்த்தேன். கடித்தவனும் கடிபட்டவனும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தார்கள்.

எனக்கு இரு தரப்பிலும் கிடைத்தது. "எல்லாத்துக்கும் நீயாக்கும் காரணம்!" என்று ஊசி வேண்டும் என்பவர் செருப்பால் அடித்தார். "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு, மாத்தி மாத்திப் பேசுதியா?" என்று வேண்டாம் என்பவர் வேலிக்கம்பால் அடித்தார். நடுநிலைமை வகித்த ஒருவர் என் இடது கையைப் பின்னால் முறுக்கி வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளினார். தோளில் ஏதோ நழுவியது. அந்தக் கை பிறகு மூன்று வாரம் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கியது. ஊசியால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கலகத்துக்கு நடுவில் அத்தானைப் பார்த்தேன். வெட்டோத்தியைக் கீழே போட்டுவிட்டு, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைக் கிழித்து ஆஷாவின் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். "பெண்ணாப் பிறந்தவ மேல கல்லெறியுதானுவ, பட்டிக!" என்று நாலாபுறமும் வைதார். முடிச்சைப் போட்டு, கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"வலிக்குதா?"

"கொறச்சு உண்டு அண்ணா."

"ஆசுபத்திரிக்குப் போ. தையல் போடணும். இங்க ஊசி வேண்டாம்."

ஆட்டோவில் போகும்போது ஆஷா நெற்றியை அழுத்திப் பிடித்தபடி கேட்டார்: "சாறே, இவருக்கு கோபம் இல்ல, பயமாக்கும். இந்த வீட்டில ஆருக்காவது ஊசி போட்டு ஏதாவது வந்ததுண்டா?"

அந்தக் கேள்வி வரும் வரை எனக்கு ஞாபகம் வரவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அத்தானுக்கு ஒரு தம்பி இருந்தான். நான்கு வயதில் காய்ச்சல் வந்து, ஊர்க் கம்பவுண்டர் இடுப்பில் ஊசி போட்டார். மறுநாள் எழுந்தபோது இடது கால் நிற்கவில்லை. அந்தக் காய்ச்சலே இளம்பிள்ளை வாதக் காய்ச்சலாக இருந்திருக்கும் என்று பின்னால் டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த வீடு கண்ணால் கண்டது வேறு வரிசை: முதலில் ஊசி, பிறகு கால். அத்தான் அவனை முதுகில் சுமந்துதான் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். அவன் முப்பது சொச்சம் வயதில் செத்தபோது அடியந்திரச் சோறு நானும் சாப்பிட்டிருக்கிறேன். அந்த வீட்டில் அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்தான்: ஊசி போட்டான், கால் தளர்ந்துபோச்சு. பத்து முறையாவது என் காதால் கேட்ட வாக்கியம். உலகத்தில் ஆயிரம் சொல் இருக்க, அந்த வீட்டின் போனுக்குள் நான் அதையே போட்டு அனுப்பினேன், ஏற்ற இறக்கத்தோடு.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒருவர் நோய் வந்து இறந்தார். அவரும் ஊசி போடவில்லை. என் குரலைக் கேட்டுத்தான் போடவில்லையா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. வெள்ளை உடுப்பணிந்த நான்கு பேர் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப்போனார்கள். அவருடைய மனைவி வாசலில் தலையை முட்டி முட்டி நெற்றியை உடைத்துக்கொண்டாள். தொட்டுப் பிடிக்க யாரும் போகவில்லை. அக்கா வேலிக்கு இப்புறம் நின்று பார்த்திருக்கிறாள்.

அன்று மத்தியானம் போனில் கூப்பிட்டாள். மூச்சு விட்டு விட்டு வந்தது.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்தில கேம்ப் உண்டு. நான் போறேன்."

"அத்தான்?"

"அவருகிட்ட சொல்லியாச்சு."

"என்ன சொன்னாரு?"

"கதவைச் சவிட்டி ஒடைச்சாரு. நல்லதாப் போச்சு. இனி பூட்டி வைக்க முடியாதே."

நானும் போனேன். கையைத் தொட்டிலில் கட்டி, இரட்டை முகக்கவசம் போட்டு, சுவரோரம் நின்றேன். பள்ளிக்கூட முற்றத்தில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள், வட்டத்துக்கு ஒரு ஆள். அக்கா குடையை ஊன்றி ஊன்றி வந்து ஒரு வட்டத்துக்குள் நின்றாள். அவளுக்கு முன்னால் ஆறு பேர். நெற்றியில் தையலோடு ஆஷா மேசையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஆறு ஐந்தாயிற்று, நான்காயிற்று.

அத்தான் மேல்சட்டை இல்லாமல் வந்தார். வாசலில் நின்றவரைத் தோளால் இடித்து வீழ்த்தினார். பெயர் எழுதும் மேசையை ஒரே உதையில் கவிழ்த்தார். காகிதம் பறந்தது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் முட்டி தரையில் உரசி இரத்தம் வந்தது. எழுந்து நிற்க முடியாமல் மீன்போல் வாய் திறந்து திறந்து மூச்சுக்கு அலைந்தாள். அவர் விடவில்லை, இழுத்துக்கொண்டே போனார்.

நான் பாய்ந்தேன். இதை நான் பதிவு செய்தாக வேண்டும். ஒற்றைக் கையோடு பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தேன். முழங்கை திரும்பி வந்தது. மூக்குக்குள் ஏதோ முறிகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. அடுக்கி வைத்திருந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் போய் விழுந்தேன், இரண்டு பெஞ்சுகள் என் மேல் விழுந்தன. மிச்சத்தை அவற்றின் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன்.

அக்கா அடித்தாள். குடையை இரண்டு கையாலும் பிடித்து அவர் தோளில், கழுத்தில், முகத்தில். முதல் அடியில் துணி கிழிந்தது, நான்காவதில் கம்பிகள் பிதுங்கின. ஒரு கம்பி புருவத்தைக் கிழித்தது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மணிக்கட்டையும் விடவில்லை.

"விடுங்க."

"மாட்டேன்."

"நான் செத்தா நீங்க எடுப்பியளா? அந்த பிளாஸ்டிக்கில சுத்துதவன் தான் எடுப்பான்!"

"ஒனக்கு அறியாது, ஒனக்கு ஒண்ணும் அறியாது!" அத்தான் கத்தினார். சட்டென்று குரல் உடைந்தது. "அம்மை வயலில நிக்கா. கம்பவுண்டர்கிட்ட காட்டிட்டு வான்னு என்கிட்டயாக்கும் சொன்னா. நான் தோளில வச்சுக் கொண்டுபோனேன். வேண்டாம் அண்ணே, வேண்டாம் அண்ணேன்னு கரைஞ்சான். நான் காலைப் பிடிச்சுக் குடுத்தேன். அசங்காம பிடிடேன்னு அவரு சொன்னாரு, நான் அசங்காம பிடிச்சேன்."

அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது இருந்திருக்கும். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த அக்காவே இதை அன்றுதான் கேட்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. குடை தாழ்ந்தது. அவள் மூச்சு விசிலடித்தது.

"இங்க பாருங்க," என்றாள், சொல்லுக்குச் சொல் நிறுத்தி. "நீங்க என்னைய கொண்டுவரல்ல. கேட்டியளா? நான் தன்னால நடந்து வந்தேன். நீங்க இழுத்திய. மேசையைத் தட்டி இட்டிய. இந்த ஆளுவ எல்லாம் கண்டாச்சு. இனி எனக்கு எது வந்தாலும் அது ஒங்க பேரில வராது."

அத்தானின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அப்படியே சுண்ணாம்பு வட்டத்துக்குள் குந்தி உட்கார்ந்தார். புருவத்து இரத்தம் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

பின்னால் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, ஒரு வட்டத்தில ஒரு ஆளு தான்."

அத்தான் நகர்ந்து உட்கார்ந்தார்.

நர்ஸ் அக்காவுக்கு ஊசி போட்டபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு அரைமணி நேரம் உட்கார வைக்கும் வகுப்பறையில், அக்காவுக்கு எதிரே பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, "தூக்கு" என்றார். அவள் கையைத் தூக்கினாள். "காலு." காலைத் தூக்கினாள். "நடந்து காட்டு." "போங்க, எனக்கு எளைக்குது" என்றாள். பதினைந்து முறையாவது தூக்கியிருப்பாள், முகம் சுளிக்காமல். ஆஷா பஞ்சால் அவர் புருவத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து எடுத்தது பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். மூக்கைக் காட்ட நெய்யாற்றின்கரைக்கு ஆட்டோவில் தனியாகப் போனேன்.

அன்றிரவு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. அத்தான் விடியும் வரை கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாராம், அசைகிறதா என்று. மறுநாள் மரம் சீவப் போகவில்லை. மூன்றாம் நாள் அவள் கிணற்றடிக்கு நடந்து போனாள், வழக்கம்போல இரண்டு இடத்தில் நின்று. சில வாரம் கழித்து அந்த வீட்டுக்குள் நோய் வரத்தான் செய்தது. அவள் எட்டு நாள் படுத்தாள், எழுந்தாள். அத்தான் அதற்கு முன்பே ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் போய்த் தன் கையை நீட்டிவிட்டு வந்திருந்தார்.

எல்லாம் அடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். மூக்கு கொஞ்சம் தெற்கே திரும்பி ஆறியிருந்தது. கட்டன் சாயாவும் கப்பைக்கிழங்கும் தந்தாள். நடந்ததில் என் பங்கு அவளுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்று, தற்பெருமையாகத் தோன்றாதபடி, சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் மட்டும் குறுக்கே பாய்ந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், என்றேன்.

அக்கா கப்பையை மீன்குழம்பில் முக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓ, அன்னைக்கு நீயும் அங்க உண்டா? நான் பாக்கல்லியே மக்கா."